கண்ணைக் கொடுத்துக் கருத்தை இழப்பதோ?

“விளையாட்டுத்தானே! எதை ஆடினால் என்ன?” என்று ஒருவன் கேட்பானாயின், அவன் விளையாட்டையும் அறியான், தன் வாழ்நாளின் விலையையும் அறியான். உண்பதில் தேர்வு உண்டு. உடுப்பதில் தேர்வு உண்டு. படிக்கும் நூலில் தேர்வு வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், ஒரு நூலைவிடப் பத்து மடங்கு நேரத்தை விழுங்கும் ஒன்றை மட்டும், கடைக்காரன் காட்டினான் என்றும், நண்பன் வாங்கினான் என்றும், அட்டைப்படம் மினுக்கிற்று என்றும் வாங்கிவந்து ஆடுகின்றனர். இந்தப் பொறுப்பின்மையைக் கண்டிக்கவே இக்கட்டுரை எழுகின்றது.

எதனைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் ஆட்டப்பொறிகள் உள்ளன. கன்சோல் என்று கடைகளில் வழங்குபவை அவை. பிளேசுடேசன், எக்சுபாக்சு, நிண்டெண்டோ சுவிட்சு என்பன அவற்றுள் பெயர்பெற்றவை. அவற்றில் ஆடப்பெறும் நிகழ்பட ஆட்டங்கள் பலவகைப்படும். பந்தயம் ஓட்டுவது ஒருவகை, பந்தடிப்பது ஒருவகை, சுட்டுத் தள்ளுவது ஒருவகை. இவற்றினின்று வேறாக, ஆடுவோன் ஒரு கதைமாந்தனின் கோலத்தை ஏற்று, அவனாகவே நடந்து, பேசி, முடிவெடுத்து, ஒரு நெடுங்கதையை முதலிலிருந்து இறுதிவரை வாழ்ந்து பார்க்கும் ஆட்டங்கள் உள்ளன. இவற்றையே இங்குக் கதையாட்டம் என்கின்றோம்.

இவ்வகைக்கு வேர், 1974ஆம் ஆண்டில் அமெரிக்கரான கேரி கைகாக்சு, தேவு ஆர்னெசன் ஆகிய இருவரும் வெளியிட்ட டஞ்சன்சு அண்ட் டிராகன்சு என்னும் தாளும் பகடையுமான மேசையாட்டம். பின்னர் அது கணிப்பொறிக்குச் சென்றது. 1986ஆம் ஆண்டு மே 27ஆம் நாள், சப்பானில் யூசி ஓரி என்பவர் அமைத்த டிராகன் குவெசுட்டு வெளிவந்தபோது, அது வீட்டு ஆட்டப்பொறிக்குள் உறுதியாகக் குடியேறியது. அடுத்த ஆண்டே பைனல் பாண்டசி தொடர்ந்தது. இன்று இவ்வகையில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் உள்ளன. அவற்றுள் பெரியவை நூறு மணி நேரம் வரை நீள்வன.

நூறு மணி நேரம் என்றால் என்ன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பள்ளிக்கோ பணிக்கோ செல்லும் ஒருவன், காரியும் ஞாயிறும் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஆடுவானாயின், கிழமைக்கு நான்கு மணி. நூறு மணிக்கு இருபத்தைந்து கிழமைகள். அஃதாவது, ஏறத்தாழ அரையாண்டு! ஒரே ஓர் ஆட்டத்தைத் தேர்வதென்பது, அரையாண்டின் ஓய்வையெல்லாம் ஒருவன் கையில் எடுத்துக் கொடுப்பதாகும். அந்த ஒருவன் யார், அவன் நமக்கு என்ன சொல்லப் போகின்றான் என்று கேளாமல் கொடுப்பது எவ்வகை அறிவு?

ஆட்டமே வேண்டா என்பார்க்கு

“தேர்வும் வேண்டா, ஆட்டமும் வேண்டா, எல்லாவற்றையும் தூக்கி எறிக!” என்பார் ஒருசாரார். ஆசிரியர்கள் நடுவிலும் பெற்றோர் நடுவிலும் இவர்களே மிகுதி. இவர்தம் அச்சம் பொருளற்றதன்று. 1988ஆம் ஆண்டு பிப்பிரவரி 10ஆம் நாள், அறிவன்கிழமை, டிராகன் குவெசுட்டின் மூன்றாம் ஆட்டம் சப்பானில் விற்பனைக்கு வந்தபோது, மாணவர் பலர் பள்ளியைத் துறந்து கடைவாயிலில் வரிசையில் நின்றனர். அங்குள்ள பெரியோரும் சினந்தனர், முறையே.

ஆயினும், சினந்தவர்களுள் எத்தனை பேர் அந்தப் பிள்ளைகள் எதைத் தேடி நின்றனர் என்று பார்த்தனர்? 1992இல் வந்த ஐந்தாம் டிராகன் குவெசுட்டை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் ஆடுவோன் ஒரு சிறுவன். தந்தையின் கைபிடித்து ஊர் ஊராகச் செல்கின்றான். தன் கண்முன்னே தந்தை கொல்லப்படுவதைக் காண்கின்றான். பத்தாண்டுகள் அடிமையாய்க் கல் சுமக்கின்றான். தப்பி வந்து, மணந்து, மக்களைப் பெறுகின்றான். உலகைக் காக்கப் பிறந்த மாவீரன் தானே என்று ஆடுவோன் நம்பியிருக்க, அவ்வீரன் தானல்லன், தன் மகனே என்று கதை அவனுக்கு உணர்த்துகின்றது. தந்தை தனக்கு எதுவோ, அதுவே தான் தன் மகனுக்கு! இதனை வெறும் பொழுதுபோக்கென்று எவன் தள்ளுவான்? ஒரு நல்ல புதினம் செய்யும் வேலையை இது செய்கின்றது. படிப்பவன் வெளியே நின்று பார்க்கின்றான். ஆடுபவன் உள்ளே நின்று சுமக்கின்றான். வேறுபாடு அவ்வளவே.

எனவே, எல்லாவற்றையும் எறிக என்பது, தீய நூல்கள் உள என்பதற்காக நூலகத்தையே பூட்டுக என்பது போன்றது. பூட்டுவது எளிது, தேர்வது கடிது. கடினமானதைச் செய்ய மனமில்லாதவர்களே எளியதைக் கட்டளையாக இடுகின்றனர். அக்கட்டளையால் பிள்ளைகள் ஆட்டத்தை விடுவதில்லை. பெரியோரிடம் கேட்பதை மட்டுமே விடுகின்றனர். பின்னர் அவர்களுக்குத் தேர்ந்து கொடுப்பவன் விற்பனையாளன்!

அளவுக்கும் அழகுக்கும் மயங்குவார்க்கு

மறுசாரார் இவரினும் இரங்கத்தக்கவர். “இதன் நிலப்பரப்பு இத்தனை பெரிது, இதன் படங்கள் உண்மைபோல் உள்ளன, இதற்கு ஆய்வாளர் நூற்றுக்கு இத்தனை புள்ளி கொடுத்துள்ளனர்” என்று கூறி, அதனாலேயே வாங்குவர். இவர்கள் ஆட்டத்தை வாங்குவதில்லை, விளம்பரத்தை வாங்குகின்றனர்.

2020ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள் சைபர்பங்க் 2077 வெளிவந்தது. அதற்குமுன் ஆண்டுக்கணக்கில் முழங்கிய முழக்கம் கொஞ்சமா? வெளியீட்டுக்கு முன் ஆய்வாளர்க்குக் கொடுக்கப்பட்டது கணிப்பொறிக்குரிய படி மட்டுமே. ஆட்டப்பொறிக்குரிய படி கொடுக்கப்படவில்லை. புள்ளிகள் குவிந்தன. அப்புள்ளிகளை நம்பிப் பழைய பிளேசுடேசன் 4இல் ஆடியவர்கள் கண்டது, நின்று நின்று ஓடும் படமும், இடையில் அறுந்துபோகும் ஆட்டமுமே. ஒரு கிழமைக்குள் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்தே அதை அகற்றியது. மீண்டும் அது அங்கு வந்தது 2021 சூனில்தான். பின்னாளில் அவ்வாட்டம் பெரிதும் திருத்தப்பட்டது என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். ஆனால், முதல்நாளே முழுவிலை கொடுத்தவன் பெற்ற பாடம் என்ன? ஒரு பொறிக்கு இட்ட புள்ளி வேறொரு பொறிக்கு ஆகாது. ஒருவன் இட்ட புள்ளி வேறொருவன் நெஞ்சுக்கு அளவாகாது. வெளியீட்டு நாளில் வாங்காதே. ஆறு திங்கள் பொறு. நல்ல கதை ஆறு திங்களில் கெட்டுப் போகாது.

இனி, அளவைப் பற்றி. முதல் டிராகன் குவெசுட்டு முழுவதும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கும் ஒற்றைப் படத்திற்கே அது போதாது! இடம் போதாமையால், சப்பானியரின் கதகானா எழுத்துகள் முழுவதையும் அதில் வைக்க இயலவில்லை. எனவே, குறிப்பிட்ட சில எழுத்துகளை மட்டும் தேர்ந்து, அவற்றால் எழுதக்கூடியவாறு ஊருக்கும் விலங்குக்கும் பெயரிட்டனர். ஓர் எழுத்தைக் கூட வீணாக்காத அந்தச் சிக்கனத்திலிருந்தே நாற்பதாண்டுகளாக வாழும் ஒரு கதைமரபு பிறந்தது. 2015இல் தோபி பாக்சு என்னும் இளைஞர் பெரும்பாலும் தனியராய் உருவாக்கிய அண்டர்டேல், படத்தின் மினுக்கால் எவரையும் மயக்கவில்லை. கட்டங்கட்டமான எளிய உருவங்களே அதிலுள்ளன. ஆயினும், அது எழுப்பும் வினாவைக் கோடிக்கணக்கில் செலவிட்ட ஆட்டங்கள் பல எழுப்பவில்லை. அளவா பெருமை? அன்று, அன்று! சொல்ல வேண்டியது இருக்கின்றதா என்பதே கேள்வி.

முதல் அளவுகோல்: செயலுக்குப் பொருள் உண்டா?

அப்படியானால் எதனைக் கொண்டு தேர்வது? நான்கு அளவுகோல்களைக் கூறுகின்றோம்.

முதலாவது, ஆடுவோன் செய்யும் செயலுக்கு அக்கதையில் பொருள் உண்டா என்பது. கதையாட்டம் என்று பெயரிட்டுக் கொண்டு, கொன்று கொன்று எண்ணைக் கூட்டும் ஆட்டங்கள் மலிந்துள்ளன. நடுநடுவே ஒரு படக்காட்சி ஓடும். ஆடுவோன் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பான். முடிந்ததும் மீண்டும் வெட்டுவான். அது கதையாட்டமன்று, திரைப்படத்தின் இடைவேளையில் வாள் சுழற்றுவது.

அண்டர்டேல் இந்தப் பழக்கத்தின் அடிவேரையே வெட்டியது. எதிர்ப்படும் எவரையும் கொல்லாமலேயே அதனை ஆடி முடிக்கலாம். பிற ஆட்டங்கள் வளர்ச்சி என்று காட்டும் எண்ணை, இவ்வாட்டம் நீ எத்துணைக் கொடுமை செய்தாய் என்பதன் அளவென்று இறுதியில் வெளிப்படுத்துகின்றது. எண்ணிக்கை ஏற ஏற மகிழ்ந்தவன் தலைகுனிகின்றான்.

2015இல் வெளிவந்த விட்சர் மூன்றாம் ஆட்டத்தில், குடிவெறியால் தன் குடும்பத்தையே சிதைத்த ஒரு நிலக்கிழார் வருகின்றான். ஓடிப்போன மனைவியையும் மகளையும் தேடித் தருமாறு வேண்டுகின்றான். தேடிச் செல்லும் வழியில், மரத்தடியில் சிறைப்பட்ட ஓர் ஆவியை விடுவிப்பதா, அழிப்பதா என்ற நிலை எழுகின்றது. விடுவித்தால், தாய்தந்தையற்ற குழந்தைகள் பிழைப்பர், ஆனால் ஓர் ஊர் அழியும், அம்மனைவி சாவாள், கணவன் தூக்கிட்டுக் கொள்வான். அழித்தால், குழந்தைகள் மடிவர். மனைவி மனம் பேதலித்தேனும் உயிர்வாழ்வாள். எது நன்று? ஆட்டம் விடை சொல்வதில்லை. குமிழை அழுத்திய விரல் ஆடுவோனுடையது. அதன் விளைவும் அவனுடையதே.

2017இல் யோக்கோ தாரோ இயக்கிய நியர் ஆட்டோமாட்டா இதனினும் ஒருபடி மேலே செல்கின்றது. அதன் இறுதிப் போராட்டத்தில், உலகின் எங்கோ ஒரு மூலையில் ஆடிய முகமறியாதவர்கள் உனக்குத் துணைக்கு வருகின்றனர். அவர்கள் ஏற்கெனவே தம் ஆட்டப் பதிவு முழுவதையும் அழித்துக் கொடுத்தவர்கள். முடிவில் உன்னையும் கேட்கின்றது: நீ அறியாத ஒருவனுக்கு உதவ, இத்தனை மணி நேரம் ஆடிச் சேர்த்ததெல்லாம் இழக்க ஒப்புவாயா? ஒப்பினால், கண்முன்னே ஒவ்வொன்றாய் அழிகின்றது. ஈகை என்பதைப் பற்றி நூறு பேச்சுகள் கேட்டவனுக்கும் அக்கணத்தில் கை தயங்கும். தயங்க வைப்பதே அறக்கல்வி!

இரண்டாம் அளவுகோல்: எந்த மண்ணின் கதை?

எல்லா ஊருக்கும் பொருந்துமாறு செய்யப்பட்ட கதை எந்த ஊருக்கும் உரியதன்று. வேருள்ள கதையைத் தேர்க.

போலந்து நாட்டைப் பாருங்கள். 1994இல் வார்சாவில் தொடங்கிய சி.டி. புரோசெக்ட் என்னும் சிறு நிறுவனம், பிறநாட்டு ஆட்டங்களை விற்று வந்தது. 1999இல் பால்டர்சு கேட் என்னும் பெருங்கதையாட்டத்தை, தம் நாட்டின் பெயர்பெற்ற நடிகர்களின் குரலால் போலிய மொழியிலாக்கி வெளியிட்டது. “எம் மக்கள் எம்மொழியில் கேட்கட்டும்” என்ற அந்த ஒரு துணிவே அதற்கு அடித்தளமாயிற்று. பின்னர், 1986இல் ஒரு போலிய இதழில் ஆந்திரே சப்கோவ்சுக்கி எழுதிய சிறுகதையில் தோன்றிய விட்சர் என்னும் மாந்தனைக் கொண்டு, 2007இல் தன் முதல் கதையாட்டத்தை ஆக்கியது. சிலாவிய நாட்டுப்புறப் பேய்களும் பெண்டிரும் சதுப்புநிலமும் அதிலிருந்தன. 2011இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா வார்சாவுக்கு வந்தபோது, போலந்தின் தலைமையமைச்சர் தூசுக்கு அளித்த பரிசுகளுள் ஒன்று இரண்டாம் விட்சர் ஆட்டம். மூன்றாவது, 2023க்குள் ஐந்து கோடிப் படிகள் விற்றது. தன் பாட்டி சொன்ன கதையைத் தன் மொழியில் தொடங்கியவனுக்கே உலகம் செவிசாய்த்தது என்பதை மறவாதீர்கள்.

செக்கு நாட்டின் வார்ஆர்சு குழுவினர் 2018இல் வெளியிட்ட கிங்டம் கம் ஆட்டத்தில் மாயமும் இல்லை, பறவைநாகமும் இல்லை. 1403ஆம் ஆண்டின் பொகீமியா நிலமே களம். கொல்லன் மகன் என்றி கதைத்தலைவன். அவனுக்கு வாள் பிடிக்கவும் தெரியாது, எழுத்தும் தெரியாது. நூலைத் திறந்தால் எழுத்துகள் குழம்பிக் கிடக்கும். எழுத்தர் ஒருவரைத் தேடிச் சென்று கற்ற பின்னரே, சொற்கள் சிறிது சிறிதாய் நேராகின்றன. படிப்பின் அருமையை இதனினும் கூர்மையாய் உணர்த்திய பாடத்தை எந்த வகுப்பறையிலும் காணல் அரிது! 2025இல் வந்த அதன் இரண்டாம் பகுதியில் செக்கு மொழிக் குரலும் இடம்பெற்றது. தம் முன்னோர் தம் மொழியில் பேசுவதை அம்மக்கள் கேட்டனர்.

அதே 2025இல் பிரான்சின் மொம்பெலியே நகரத்துச் சிறு குழு ஒன்று எக்சுபெடிசன் 33 என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. ஆண்டுதோறும் ஒருத்தி ஓர் எண்ணைத் தீட்டுகின்றாள்; அந்த அகவையினர் அனைவரும் மறைந்து போகின்றனர்; எண் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றது. சாவின் நாளறிந்தும் அடுத்த தலைமுறைக்காகப் புறப்படுவோரின் கதை அது. பிரெஞ்சுக் குரலிலேயே அதைக் கேட்டு ஆடலாம்.

இங்கு ஒருவர் குறுக்கிடுவார்: “எசுத்தோனியரின் டிசுக்கோ எலிசியம் ஆங்கிலத்தில்தானே எழுதப்பட்டது? 2019இல் அது பெற்ற புகழ் கொஞ்சமா? தாய்மொழி வேண்டுமென்பது வீண்பேச்சன்றோ?” நல்ல வினா, விடை கூறுவோம். பதின்மூன்று இலக்கம் மக்களே வாழும் நாடு எசுத்தோனியா. அவ்வாட்டத்தின் தலைமை எழுத்தாளரான இராபர்ட்டு கூர்விட்சு, அதே கற்பனை உலகைக் களமாக்கி 2013இல் எழுதிய புதினம் எசுத்தோனிய மொழியிலேயே வந்தது. அதாவது, விதைத்தது தாய்மொழியில், விற்றது ஆங்கிலத்தில். அங்காடியின் அழுத்தம் அத்தகையது. இதனால் தெரிவது, ஆங்கிலம் கதையைப் பிறப்பித்தது என்பதன்று. பிறந்த கதைக்கு ஆங்கிலம் வண்டி என்பதே. வண்டியை வயல் என்று மயங்காதீர்.

மூன்றாம் அளவுகோல்: மொழி புரிகின்றதா?

டிசுக்கோ எலிசியத்தில் போரே இல்லை. பத்து இலக்கத்திற்கும் மேற்பட்ட சொற்களே உள்ளன. துப்பறிவாளன் ஒருவனின் மூளைக்குள் இருபத்துநான்கு திறன்கள் இருபத்துநான்கு குரல்களாய்ப் பூசலிடுகின்றன. சொல்லைப் படியாமல் குமிழை அழுத்தித் தாண்டுபவன் அங்கு ஆடுவதற்கு எதுவுமில்லை. ஆயினும் என்ன காண்கின்றோம்? உரையாடல் வந்தவுடன் தாண்டுகின்றனர். அடுத்த சண்டை எங்கே என்று தேடுகின்றனர். பின்னர், “கதை விளங்கவில்லை” என்று குறை கூறுகின்றனர். நூலின் பக்கங்களைக் கிழித்தெறிந்து அட்டையை மட்டும் பார்த்தவன் நூலாசிரியனைப் பழிப்பதுபோல்!

ஆதலின், உனக்கு நன்கு புரியும் மொழியில் உள்ளதை மட்டும் எடு. குரல், ஆக்கியோரின் மொழியில் ஒலிக்கட்டும். எழுத்து, உனக்குத் தெரிந்த மொழியில் ஓடட்டும். சப்பானிய ஆட்டத்தைச் சப்பானியக் குரலிலும், விட்சரைப் போலியக் குரலிலும் கேட்டுப் பாருங்கள். சினமும் கெஞ்சலும் வேறு நிறம் காட்டும்.

மொழிக்காக உழைத்தவர்களின் கதை ஒன்றுண்டு. விளம்பர எழுத்தாளரான சிகெசாத்தோ இத்தோய் படைத்த மதர் வரிசையின் மூன்றாம் ஆட்டம் 2006இல் சப்பானில் வந்தது. இன்றளவும் அது பிறமொழியில் முறைப்படி வெளியிடப்படவில்லை. அதனை நேசித்த அன்பர்கள் எவர் ஆணைக்கும் காத்திராமல், ஊதியமின்றி உழைத்து, 2008இல் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தனர். நேசம் என்றால் அது! “எம்மொழியில் இல்லையே” என்று பெருமூச்சு விடுவதோடு நில்லாமல், இருக்கச் செய்தனர்.

நம் நிலை என்ன? நிண்டெண்டோ சுவிட்சுப் பொறியின் மொழிப்பட்டியலில் சப்பானியம், கொரியம், சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, செருமானியம், இத்தாலியம், இசுப்பானியம், டச்சு, போர்த்துக்கீசியம், உருசியம் உண்டு. தமிழ் இல்லை. பட்டியலில் இல்லாததற்குப் பிறரைப் பழிப்பது எளிது. கேட்டவர் யார், எழுதியவர் யார், பெயர்த்துக் காட்டியவர் யார் என்பதே மானமுள்ளவன் கேட்க வேண்டிய வினா. 2023இல் கனடாவின் தொரன்றோவில் இருந்து விசை என்னும் சிறு குழு வெளியிட்ட வெண்பா என்னும் ஆட்டம் இதற்கு விடையளிக்கத் தொடங்கியுள்ளது. கோலமேற்பு வகையில் அது சேராது. எனினும் கதையே அதன் உயிர். கனடாவில் குடியேறிய தமிழ்த்தாய், அழிந்தும் கறைபட்டும் போன தன் அன்னையின் சமையற் குறிப்பைக் கொண்டு இட்டலி அவிக்கின்றாள். மகனோ தாய்மொழியினின்று நழுவிச் செல்கின்றான். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் அவ்வாட்டம், 2024இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமாகிய பாப்டாவின் முதற்படைப்புப் பரிசைப் பெற்றது. இட்டலித் தட்டை அடுக்கும் முறையைக் கொண்டே உலகை உருக வைத்தவர்கள் தமிழர் என்றால், நெடுங்கதை படைக்க நமக்கு என்ன குறை? துணிவு ஒன்றே குறை!

நான்காம் அளவுகோல்: முடிவு உண்டா?

முடிவில்லாத கதை கதையன்று. அது கறவைத் தொழில். கறக்கப்படுவது நீ!

2020இல் வெளிவந்த கென்சின் இம்பாக்டு போன்ற ஆட்டங்களைக் காண்க. “விலையில்லை, வா” என்று அழைக்கும். உள்ளே அழகிய நிலம், இனிய இசை, கதையும் உண்டு. காசு கொடாமலே ஆடுவோரும் பலர். அதனை மறைக்க வேண்டா. ஆனால், விரும்பிய கதைமாந்தனைப் பெற வேண்டுமாயின் குலுக்கலில் இறங்க வேண்டும். வரலாம், வாராமலும் போகலாம். வரும்வரை காசு! சூதாட்டத்திற்குப் புதுச்சட்டை அணிவித்தால் சூது போய்விடுமோ? ஆட்டத்தில் காசு கொடுத்துத் திறக்கும் குலுக்கல் பெட்டிகள் சூதே என்று பெல்சியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் தீர்ப்புரைத்தது. 2025 சனவரியில், கென்சின் ஆட்டத்தை அமெரிக்காவில் நடத்தும் நிறுவனம், அந்நாட்டு நடுவண் வணிக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி இரண்டு கோடித் தாலர் தண்டம் கட்டவும், பதினாறு அகவைக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் ஒப்புதலின்றிக் குலுக்கலை விற்காதிருக்கவும் இசைந்தது.

நல்ல கதை ஒருநாள் முடியும். முடிந்தபின் ஆடுவோன் எழுந்து போவான். போனவன் நெஞ்சில் அது தங்கும். முடியாத ஆட்டமோ நாள்தோறும் வா என்னும். வாராவிட்டால் இழப்பாய் என்று அச்சுறுத்தும். முன்னது விருந்து, பின்னது தூண்டில். வாங்குமுன் ஒன்றே கேள்: இதற்கு முடிவு உண்டா? முடிவை அடைய, கொடுத்த விலைக்குமேல் ஒரு காசேனும் கேட்குமா?

பெற்றோர்க்கு ஒரு சொல்

அகவைக் குறியீட்டைப் பாராமல் வாங்கித் தருவது அன்பன்று, அசட்டை. விட்சர் மூன்றாம் ஆட்டம், டிசுக்கோ எலிசியம், கிங்டம் கம் ஆகியவை பதினெட்டு நிறைந்தோர்க்கென்றே ஐரோப்பியத் தரக்குறியீடு வரையறுத்தவை. அவற்றின் சிறப்பை இங்குப் போற்றியது பெரியோர்க்காகவே. பன்னிரண்டு அகவைப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கன்று. அமெரிக்கக் குறியீட்டின்படி அண்டர்டேல் பத்து அகவை முதலும், டிராகன் குவெசுட்டின் பதினோராம் ஆட்டம் பதின்பருவத்தார் முதலும் ஆடத்தக்கவை. பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தபின் அருகில் அமர்ந்து, “அவனை ஏன் விட்டாய்? இவளை ஏன் நம்பினாய்?” என்று கேளுங்கள். கேட்கத் தொடங்கினால் ஆட்டம் பாடமாகும். கேளாது விட்டால் பாடமும் ஆட்டமாகும்.

முடிவுரை

தமிழன்பர்களே! கதை கேட்காமல் வளர்ந்த மாந்தன் எங்கும் இல்லை. திண்ணையில் கேட்டான், நூலில் படித்தான், திரையில் கண்டான், இன்று ஆட்டப்பொறியில் தானே நடந்து பார்க்கின்றான். கருவி மாறும், கேள்வி மாறாது. அக்கதை என்னை உயர்த்துகின்றதா, உறிஞ்சுகின்றதா?

அழகுக்காக வாங்காதீர். அளவுக்காக வாங்காதீர். புள்ளிக்காக வாங்காதீர். செயலுக்குப் பொருள் தருவதா, வேருள்ள மண்ணினதா, புரியும் மொழியினதா, முடிவுடையதா என நான்கையும் உரசிப் பாருங்கள். நான்கில் ஒன்று தவறினும் ஆறப்போடுங்கள். ஆண்டுக்குப் பத்து ஆட்டம் வாங்கிப் பத்தையும் பாதியில் விடுவதினும், ஒன்றைத் தேர்ந்து ஒரு சொல்லும் தாண்டாது ஆடி முடிப்பது சிறப்பு. காசு உங்களுடையது, போனால் ஈட்டிக் கொள்ளலாம். காலமும் உங்களுடையது, அதனை எந்த ஆட்டப்பொறியும் சேமித்து வைத்துத் திருப்பித் தருவதில்லை!